வலப்பனை வனங்களும் தோட்ட மக்களின் சம்மதமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், இராகலை, உடப்புசல்லாவை முதலான உயர்ந்த தேயிலைப் பிரதேசங்களிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்திறங்கும் வலப்பனைப் பிரிவில், கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாகாது எஞ்சிய இயற்கை வனம் இன்று மலைமுகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் தோட்டங்களுக்கு மேலுள்ள செங்குத்தான சரிவுகளிலுமே பெரும்பாலும் காணப்படுகின்றது. அவ்வனம் அரசாங்கத்தின் உடைமை. அதற்குக் கீழே பரந்து கிடக்கும் தேயிலை மலைகளிற் பெரும்பாலானவையும், அவற்றிடையே நிரைநிரையாக நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களும் அரசாங்கத்தின் உடைமையே. ஆயினும் வனத்தைக் காக்கும் விஷயத்தில் லயத்து மக்களின் அபிப்பிராயம் யாதென்ற கேள்வி என்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டே வந்திருக்கின்றது. வர்த்தமானி அறிவித்தலும் காவலாளரும் மாத்திரம் இவ்வனங்களை நிலைபெறச் செய்யமாட்டா என்பதும், அடிவாரத்தில் வாழும் மக்களின் சம்மதமே அவற்றிற்கு உறுதியான ஆதாரம் என்பதும், நிலத்தில் அவர்களுக்குள்ள பாத்தியதையை ஏற்காமல் அச்சம்மதத்தைப் பெறவியலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கண்டி இராச்சியத்தில் வெட்டத் தகாதனவென மன்னரால் விலக்கப்பட்ட வனங்கள் இருந்தன. பின்னர் பிரித்தானியர் ஆட்சியில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தபோது, சிங்களக் கிராமத்தவர் தம் சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்தனர்; அந்நிலங்களில் முளைத்த கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கியூ தாவரத் தோட்டத்தின் அதிபர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் விடுத்த எச்சரிக்கையை அடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய வனங்களை விற்பதற்குத் தடை ஏற்பட்டது. அத்தடை இல்லாதிருப்பின் நம் முகடுகள் மொட்டையாகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. 1907 இன் வனக் கட்டளைச் சட்டமும், 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்னர் வந்தன. வனங்காக்க வந்த இம்மூன்றும் நன்மை பயந்தவையே. ஆனால் மேலிருந்து இறங்கிய கட்டளைகள். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அக்குறை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொதுநிலத்தின் விதி நிர்ணயிக்கப்பட்ட அந்த அரை நூற்றாண்டில், அந்நிலத்தின்மீதே பிறந்து மடிந்த இச்சமூகம் பொதுமக்களாகக் கணிக்கப்படவில்லை.

1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. இவ்வாறு கைமாறிய தோட்டங்களைப் போலவே அரசாங்கக் காடுகளிலும் ஒருவகை நிச்சயமின்மை உண்டு. முறையாக ஒதுக்கப்படாத ஏனைய காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்த 5/2001 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2020 இல் மாற்றப்பட்டு, அக்காடுகளின் நிருவாகம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. சூழலியலாளர் இதனைக் கண்டித்தனர்; அவர்கள் அச்சம் நியாயமானதே. ஒரு சுற்றறிக்கையால் காக்கப்படும் வனம் மற்றொரு சுற்றறிக்கையால் கைவிடப்படலாம். அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வலிமை, அவ்வனத்தைத் தமதென்று கருதும் அயல்மக்களிடம் இருந்தாலன்றி வேறெங்கும் இராது.

அவ்வாறு கருதுவதற்குரிய காரணம் தோட்ட மக்களிடம் ஏற்கெனவே உண்டு. அதன் பெயர் தண்ணீர். உயர்மலைக் காடு மழையை மாத்திரமன்றி, தவழ்ந்து செல்லும் மூடுபனியையும் இலைகளிலும் பாசிகளிலும் தாங்கி நிலத்திற் சொட்டவிடுகின்றது. அதன் மக்கிய மண் அந்நீரை உறிஞ்சி வைத்திருந்து, வரண்ட மாதங்களிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகின்றது. அந்த ஊற்றிலிருந்து குழாய்வழி இறங்கும் நீரே பல லயங்களின் பீலிக்கரைகளில் விழுகின்றது. மேலே காடு அழிந்தால் பீலி வற்றும் என்பதை எந்த நிபுணரும் இம்மக்களுக்குப் போதிக்க வேண்டியதில்லை. குடத்தோடு காத்து நிற்கும் பெண்களுக்கு அது பிரத்தியட்ச அனுபவம். காட்டோரங்களில் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கல் நாட்டி வழிபடும் மரபும், சட்டம் எட்டாத இடங்களில் மரங்களுக்கு ஒரு காவலாகவே இருந்துவருகின்றது. வடகீழ்ப் பருவமழை தீவிரமாகப் பெய்த 2007 ஜனவரியில் வலப்பனையில் மலைகள் சரிந்து உயிர்களைப் பலிகொண்டபோது, சரிவுகளைக் காடு பற்றிநிற்பதன் பெறுமதி இப்பகுதியினர் யாவருக்கும் உணர்த்தப்பட்டது.

விறகுக்காக மரம் தறிப்பவரும், காட்டுப்பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பவரும் இம்மக்களிடையேயும் உளரே என்ற ஆட்சேபம் எழக்கூடும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியிற் சிக்கிய கருஞ்சிறுத்தை மாண்டமை பெருந்துயரம். அதனை மறைக்க நான் முயலவில்லை. எனினும், கவ்வாத்தில் வெட்டப்படும் தேயிலைக் கிளைகளான மிலாறு போதாதபோது அடுப்பெரிக்க வேறு வழியற்ற குடும்பத்தையும், பன்றி உழுத சிறு மரக்கறித் தோட்டத்துக்கு நட்டஈடு பெறவியலாத தொழிலாளியையும் தண்டத்தால் மாத்திரம் திருத்திவிடலாமென்பது நடைமுறை அறியாதார் நம்பிக்கை. மாற்று எரிபொருளும் பயிருக்குக் காப்பும் கிடைக்கச் செய்வது வனசம்ரட்சணையின் ஓர் அங்கமாகவே கொள்ளத்தக்கது.

மக்களுக்குக் காணி வழங்கினால் காடு சுருங்கும் என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கின்றேன். வீட்டுக்கென வழங்கப்படும் சிறு நிலத்துண்டு, தேயிலை கைவிடப்பட்டுத் தரிசாய்க் கிடக்கும் உறுதியான சமதரைகளில் ஒதுக்கப்படுமாயின், காட்டில் ஒரு மரமும் விழவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணில் புதையுண்ட லயங்களைப் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் செல்லுதற்கு வேறு நிலமில்லாத மக்கள் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வர்? பாதுகாப்பான காணி பெற்றவர்களே அபாயச் சரிவுகளை விட்டு அகன்று, அவற்றை மீண்டும் காடாக விடமுடியும்.

அயல்மக்களின் சம்மதமே வனத்துக்கு ஆதாரம் என்பதைப் பிறநாட்டு அனுபவமும் ஆதரிக்கின்றது. அமெரிக்காவின் 1964 ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், ஒரு பகுதியை வனாந்தரமாகப் பரிந்துரைக்குமுன் அயலில் பகிரங்க விசாரணை நடத்துவதைக் கடமையாக்கிற்று. ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013 இல் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தன. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அச்சபைகளுக்கு அளித்திருந்த அதிகாரமே மலையைக் காத்தது. நமது நாட்டிலேயே, சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறித்ததை எதிர்த்து எழுந்த பொதுமக்கள் குரலால் 1977 இல் அவ்வேலை நின்றது; 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. மத்திய மலைநாட்டின் சிவனொளிபாத வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 இல் அதே தகுதியைப் பெற்றன. வலப்பனையின் சிறு வனத்துண்டுகளோ அம்மூன்றினுள் அடங்குவன அல்ல. அவற்றிற்காகப் பேச உலகம் வராது.

ஆதலின், லயங்களுக்கு நீர்வழங்கும் ஊற்றுக்காடுகளை முதலில் அளந்து எல்லையிடுதல் வேண்டும். அளவையாளரோடு அந்தந்தத் தோட்டத்தின் ஆண், பெண் பிரதிநிதிகளும் கிராமத்தவரும் எல்லையை நடந்து காணவும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய வரைபடப் பிரதியொன்று தோட்டத்திலேயே இருக்கவும் ஏற்பாடு வேண்டும். அவர்கள் கூட்டத்தின் சம்மதமின்றி அவ்வெல்லையைக் குறைக்கலாகாது என்ற நிபந்தனை கம்பனிகளின் குத்தகையிலும் இடம்பெற வேண்டும். தோட்டப் பகுதிகளில் பணி செய்யப் பிரதேச சபைகளுக்கு நெடுங்காலம் இருந்த சட்டத்தடை 2018 இல் திருத்தப்பட்டுவிட்டமையால், வலப்பனைப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் இணைந்து இந்த அளவையை வடகீழ்ப் பருவமழைக்கு முன் இராகலைப் பக்கத்து ஊற்றுக்களிலிருந்தே தொடங்கலாம்.