வங்கக் கடலின் காவல் தீவுகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியைத் திறந்தால், அந்தமானுக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியிருக்கிறது என்னும் அறிவிப்பு நம் செவியில் விழாத ஆண்டு மிகக் குறைவு. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பை நாடிக் குடியேறிய தமிழர், அதைக் கேட்டவுடன் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் உள்ள உற்றாரை நினைந்து கவலை கொள்கின்றனர். ஆனால் அந்தச் செய்தி எங்கிருந்து புறப்பட்டது, எக்காலம் முதல் புறப்பட்டு வருகிறது, அது கரை வந்து சேர என்ன பாடுபட்டது என்பவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

வங்கக் கடலின் கிழக்கு ஓரத்தில், வட அகலாங்கு 6 பாகைக்கும் 14 பாகைக்கும் இடையே, வடக்குத் தெற்காகக் கோத்த மணிமாலை போல் அமைந்தவை அந்தமான், நிக்கோபார்த் தீவுகள். இவ்விரு கூட்டங்களையும் பத்துப் பாகைக் கால்வாய் பிரிக்கிறது. நிக்கோபாரை நம் முன்னோர் நக்கவாரம் என்று அறிந்திருந்தனர். 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கீழைக் கடலிற் சென்று வென்ற நாடுகளுள் அதுவும் ஒன்றாக அவன் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றுள்ளது. இன்று தீவுகளின் தலைநகராக விளங்குவது, போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரம். சென்னையிலிருந்து அது சுமார் 1370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இந்தத் தொலைவை நினைவிற் கொள்ள வேண்டும். வெப்பம் மிகுந்த கடற்பரப்பில் ஈரக்காற்று மேலெழுந்து, அவ்விடத்தில் அழுத்தம் குறைய, சுற்றிலுமிருந்து காற்று அதனை நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சி அக்காற்றைத் திருப்பிச் சுழலச் செய்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இந்தத் திருப்பும் ஆற்றல் மிகச் சிறிது. ஐந்து பாகை அளவு விலகிய பின்னரே அது போதிய வலிமை பெறுகிறது. ஆதலின் அந்தமான் கடல் புயல் கருக்கொள்வதற்கு ஏற்ற இடமாகிறது. தாய்லாந்து வளைகுடாவில் தோன்றி, நிலத்தைக் கடந்து, இக்கடலில் மீண்டும் வலுப்பெறும் புயல்களும் உண்டு. 1989ஆம் ஆண்டு நவம்பரில் தாய்லாந்தைத் தாக்கிய ‘கே’ என்னும் புயல், அந்தமான் கடலையும் வங்கக் கடலையும் கடந்து ஆந்திரத்தின் காவலியருகே கரையேறியது. இங்கே தோன்றும் புயல் ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டர் நகர்ந்தால், தமிழகக் கரையை அடைய மூன்று நாட்களுக்குச் சற்று மேல் ஆகும். இந்த மூன்று நாட்களே நமக்குக் கிடைத்த அவகாசம். அதை அறிந்து பயன்படுத்தினால் உயிர் தப்பும், தவறவிட்டால் தப்பாது.

வங்கக் கடலின் புயல்களுள் பல இத்தீவுகளைச் சார்ந்து செல்லினும், அவற்றின் முழுச் சீற்றம் தீவுகளின்மேல் விழுவது அரிது. இங்கே அவை இளமைப் பருவத்தில் இருக்கின்றன. வளர்ந்து முதிர்வது மேற்கேயும் வடக்கேயும் சென்ற பின்னரே. ஆகவே இத்தீவுகள் தம்மைக் காக்கும் காவலாக இருப்பதைவிடத் தொலைவிலுள்ள கரைகளுக்குக் காவலாக இருப்பதே மிகுதி.

ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. 1844ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்திலிருந்து வந்த ‘ரன்னிமீட்’ என்ற கப்பலும், சிட்னியிலிருந்து வந்த ‘பிரிட்டன்’ என்ற கப்பலும் படைவீரர்களையும் அவர்தம் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை நோக்கிச் சென்றன. ஒன்றையொன்று அறியாத இவ்விரு கப்பல்களையும் ஒரே புயல் அந்தமான் கடலிற் பற்றிக்கொண்டது. பாய்மரங்கள் முறிந்து, இருளில் அலைக்கழிந்து, இரண்டும் ஒரே தீவின் கரையில் தூக்கியெறியப்பட்டன. பொழுது விடிந்தபோது, சிறிது தொலைவில் மற்றொரு கப்பலும் தரைதட்டி நிற்பதை இரு சாராரும் கண்டு வியந்தனர். கடலில் மூழ்கியிருக்க வேண்டிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். அங்கிருந்து பர்மாக் கரைக்குப் படகு அனுப்பி உதவி வேண்டிய அவர்கள், ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அத்தீவிலே காத்திருந்தனர்.

அந்தப் புயலை ஆராய்ந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்று ஒப்பிட்டு, புயல் சென்ற வழியை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். 1848ஆம் ஆண்டில் மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூலில்தான் ‘சைக்ளோன்’ என்னும் சொல் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை அமைத்தார். ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் சுழற்காற்றின் வட்டங்களை வரைந்து அந்நூலுடன் அளித்தார். மாலுமி அதனைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, தான் புயலின் எப்பக்கத்தில் இருக்கிறோம் என்று கண்டுகொள்ளலாம். நம் கடலில் காற்றை எதிர்நோக்கி நின்றால், புயலின் நடுவிடம் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கும் என்பதே அதன் சாரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காற்றின் திசையால் அறியும் வழி இவ்வாறு மாலுமிகளின் கைக்கு வந்தது.

அறிவு வளர்ந்தது, ஆனால் அது கரைக்கு வந்து சேரவில்லை. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல், அந்தமானை அடுத்த கடலிலே தோன்றியது. ஹூக்ளி ஆற்றில் ஏறிய கடல்நீர் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. அடுத்த மாதமே மற்றொரு புயல் மசூலிப்பட்டினத்தைச் சூறையாடியது. அதன் பின்னரே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அளிக்கும் ஏற்பாடு 1865இல் தொடங்கிற்று. 1868இல் போர்ட் பிளேரில் வானிலை நோக்கு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது.

இங்கே ஒரு பெருங்குறையைக் காண்கிறோம். போர்ட் பிளேரில் இருந்தவர் காற்றழுத்தமானியின் இறக்கத்தைப் பார்த்தார், ஏட்டில் குறித்தார். அதைத் தாய்நாட்டுக்கு உடனே தெரிவிக்கத் தந்திக் கம்பி இல்லை. கப்பல் வந்தால் கடிதம் போகும். புயலோ கப்பலுக்குக் காத்திராது. காவலன் விழித்திருந்தும் குரல் எழுப்ப இயலாத நிலை அது.

1891ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் புயல் போர்ட் பிளேரையே நேராகத் தாக்கியது. ‘என்டர்பிரைஸ்’ என்னும் அரசுக் கப்பல் துறைமுக வாயிலில் தெற்குமுனைப் பாறைகளில் மோதி உடைந்தது. கப்பலிலிருந்த 77 பேர் மாண்டனர். ஆறு பேரே பிழைத்தனர். அந்த அறுவரையும் காப்பாற்றியவர்கள், அருகிலிருந்த சிறையின் பெண் கைதிகள். தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட அப்பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சங்கிலியாக நின்று, கொந்தளிக்கும் அலைக்குள் இறங்கி அவர்களைக் கரைசேர்த்தனர். அந்தமானின் சிறை வரலாற்றில் துன்பத்தின் பக்கங்களே மிகுதி. அவற்றிடையே இந்தப் பெண்களின் வீரமும் மறவாமற் குறிக்கத் தக்கது.

1898ஆம் ஆண்டில் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே வகையான புயல் அடையாள முறை வகுக்கப்பட்டது. பகலில் கம்பத்தில் ஏற்றும் கூண்டுகள், இரவில் செவ்விளக்கும் வெள்ளை விளக்கும் என்பவை அதன் மொழி. ஒன்றாம் எண் கூண்டு தொலைவில் தாழ்வு மண்டலம் இருப்பதைச் சொல்லும். இரண்டாம் எண், தொலைவில் புயலாகவே வலுத்துவிட்டது எனும். எட்டு முதல் பத்து வரை பேரபாயத்தின் அடையாளங்கள். பதினொன்றாம் எண் எல்லாவற்றினும் அச்சந்தருவது: எச்சரிக்கை நிலையத்துடன் செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள். செய்தி அறுபடுவதே மிகப் பெரிய ஆபத்து என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் போலும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையையடுத்த டயமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைந்தபோது, காவலனுக்குக் குரல் கிடைத்தது. 1963இல் போர்ட் பிளேரில் வானொலி நிலையமும் தோன்றியது.

எனினும் குரல் எழுவது வேறு. அது கேட்க வேண்டியவர் செவியில் விழுவது வேறு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு நிலை தோன்றியது. அது வலுத்து, மேற்கு நோக்கி ஓடி, இலங்கையின் வவுனியாவைக் கடந்து, 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியை அடைந்தது. அந்தமானைச் சுற்றிக் கடல் ஆழமானது. ஆகவே அங்கே புயலால் கடல் பொங்கி ஏறும் உயரம் குறைவு. பாக் நீரிணையோ ஆழமற்றது. அங்கே காற்றால் குவிக்கப்பட்ட நீருக்குப் போக்கிடமின்றி, அது கரையின்மேல் மதிலென எழுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்குள் போயிற்று. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. ஐந்து நாட்கள் கடல் கடந்து வந்த புயலுக்கு முன்னால், அந்த ஒரு ரயிலை நிறுத்தும் அளவுக்குச் செய்தி விரைந்து சென்று சேரவில்லை. கடைசி ஒரு கல் தொலைவில் அறுபட்ட செய்தி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

1960இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணேறியது. 1983 முதல் நம் இன்சாட்-1பி மேகங்களைப் படமெடுத்து அனுப்பியது. இன்று வானிலைத் துறை படிப்படியாக அறிவிக்கிறது: மூன்று நாட்களுக்கு முன் முதல் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்புச் செய்தி, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, கரை கடக்குமுன் 12 மணி நேரத்தில் கடந்த பின் என்ன நேரும் என்பது பற்றிய அறிவிப்பு. பலனை ஒரே மாநிலத்தில் ஒப்பிட்டுக் காணலாம். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் பதினாயிரம் பேர் அளவில் மாண்டனர். 2013 அக்டோபரில் அந்தமானைக் கடந்து அதே ஒடிசாவின் கோபால்பூரருகே கரையேறிய ‘பைலின்’ புயலும் மிகக் கடுமையானதே. ஆனால் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. காற்றின் வலிமை குறைந்து விடவில்லை. செய்தி கடைசி வீடு வரை சென்றது.

தீவுகளில் வாழ்வோர்க்கு மற்றொரு தனித் துன்பம் உண்டு. கரைநாட்டார் உள்நாட்டுக்குள் விலகிச் செல்லலாம். தீவினர்க்கு விலகிச் செல்ல இடமில்லை. படகுப் போக்குவரத்து நின்றால், தீவுக்குத் தீவு உறவே அறும். 2016 டிசம்பரில் ‘வர்தா’ புயலின் தொடக்க நிலையிலேயே, அப்போது ஹேவ்லாக் என்றும் இன்று சுவராஜ் தீவு என்றும் வழங்கும் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டனர். மீட்கச் சென்ற கடற்படைக் கப்பல்கள் கடல் தணியும் வரை வெளியே காத்திருக்க நேர்ந்தது. அதே புயல் சில நாட்களில் வலுத்து, டிசம்பர் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கியது. ஆதலால் அரிசி, மண்ணெண்ணெய், குடிநீர், மருந்து ஆகியவற்றைக் காற்று எழுமுன் சேர்த்து வைப்பதும், சிறு படகுகளை ஓடைகளுக்குள் ஏற்றிக் கட்டுவதும் தீவு வாழ்வின் இன்றியமையாத ஒழுக்கங்கள். தலைநகரில் குடியேறிய தமிழரும், 1970களில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களும் இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்டவர்களே.

நேயர்களே, தொலைவில் வாழும் நாமும் இந்தச் செய்திச் சங்கிலியில் ஒரு கண்ணியாகலாம். அந்தமானுக்கு அருகே என்று கேட்ட அன்றே ஊரிலுள்ளோருடன் பேசுங்கள். மீன்பிடிக்கச் சென்றவர் திரும்பினாரா என்று வினவுங்கள். முதியோரை எந்தப் பள்ளிக்கோ மண்டபத்துக்கோ அழைத்துச் செல்வது என்பதை முன்னரே முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தவறாமல் நினைவூட்டுங்கள்: பேய்க்காற்று திடீரென ஓய்ந்து வானம் தெளிந்தால், அது புயலின் கண் கடக்கும் நேரமாக இருக்கலாம், சற்றைக்கெல்லாம் எதிர்த் திசையிலிருந்து காற்று மீண்டும் மூளும். அதிகாரிகள் அறிவிக்கும் வரை யாரும் வெளியே வரலாகாது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தீவுகளில் யாரோ ஒருவர் காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார். அவர் குறித்த எண், கடல் கடந்து, கம்பம் ஏறி, வானொலி வழியே வந்து, கடற்கரைக் குடிசையிலுள்ள ஒரு தாயின் செவியில் விழுந்து, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் ஏறும்போதுதான் அக்காவல் நிறைவு பெறுகிறது.