திறைசேரியிலிருந்து தெருவரை

அரசு வழங்கும் கொடை ஊரைச் சேர்ந்ததா என்று வினவுதல் ஊரவரின் உரிமை. அவ்வினாவுக்குப் பணம் வரும் வழியை அறிதல் வேண்டும்.

1987 இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளோடு நிதி ஆணைக்குழுவையும் தோற்றுவித்தது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பெருஞ் சமூகங்களின் சார்பில் மூவர் என அதன் உறுப்பினர் ஐவர். குடித்தொகை, தலைக்குரிய வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை முதலியவற்றை நோக்கியே மாகாணங்களின் பங்கு வகுக்கப்படும்.

1988 இல் வடக்குடன் இணைக்கப்பட்ட கிழக்கு, 2007 சனவரியில் மீண்டும் தனி மாகாணமாயிற்று. ஆயினும் அன்றும் இன்றும் கொடை சென்று சேரும் தலைமையிடம் திருகோணமலையே. சம்பளம் முதலான மீண்டெழும் செலவுக்கு ஒரு கொடை. கட்டடம், வீதி முதலான மூலதன வேலைக்கு வேறொன்று.

ஆனால் மத்திய அமைச்சுக்களின் பணம் அம்பாறைக் கச்சேரி வழியாகவும் வருகின்றது. கல்முனையூடாகச் செல்லும் ஏ4 பெருஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு, உள்வீதி மாகாணத்தினதாகலாம், ஒழுங்கை மாநகர சபையினதாகலாம். வாய்க்காலை அறியாத உழவன் எந்த வட்டவிதானையிடம் முறையிடுவான்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்விடரைக் குறைத்தது. எழுத்தில் கேட்போருக்குத் தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுள் அலுவலகம் தீர்மானித்தல் வேண்டும். வீதி யாருடையது என்று முதலில் அறிக; செலவுக் கணக்கைப் பின்னர் கேட்க.