சரமும் பொருளும்

கணிப்பொறிக்குள் ஒரு பொருள் இருக்கும் நிலை வேறு. அதனைக் குறித்து எழுதிய எழுத்து வேறு. நிரல் எழுதுவோர் 'பொருள்' என வழங்குவது ஒருவரைப் பற்றிய விவரக் குறிப்பாக இருக்கலாம், ஒரு பட்டியலாகவும் இருக்கலாம். நினைவகத்தின் பல அறைகளில் அது சிதறிக் கிடக்கும். ஓர் அறையில் மற்றோர் அறையின் முகவரி குறிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றால் அந்த ஏற்பாடு முழுவதும் மறைந்துவிடும். வேறொரு பொறிக்கு அனுப்பினாலோ, அந்த முகவரிகளுக்கு அங்கே பொருளே இல்லை. ஆகவே, பூக்களை நாரில் தொடுப்பதுபோலப் பொருளை எழுத்துகளாகத் தொடுத்துச் சரமாக்கி அனுப்புகிறார்கள். பெறுகின்ற பொறி அச்சரத்தைப் படித்துப் பொருளை மீண்டும் கட்டிக்கொள்கிறது.

நேயர்களே, போன வழியே திரும்பி வருவதுதானே என்று தோன்றலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த நம்பிக்கை எளிதில் வருவதில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி ஆகிய நால்வரும் ஆங்கிலத்தில் 'ஆண்ட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அந்தச் சொல் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தமிழுக்குத் திரும்ப வேண்டியவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்?

1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் நிரல்மொழியை வகுக்கத் தொடங்கினார். ஐபிஎம் 704 என்ற பொறியில், ஒரு நினைவு அறையின் ஒரு பகுதியில் பட்டியலின் முதல் உறுப்புக்கு உரிய முகவரியும், மற்றொரு பகுதியில் எஞ்சிய பட்டியலின் முகவரியும் வைக்கப்பட்டன. இவ்வாறு நீளும் சங்கிலியை வெளியே எழுதிக் காட்ட அடைப்புக்குறிகளே போதுமானவையாயின. (மா பலா வாழை) என்று எழுதினால் அது ஒரு பட்டியல். அதனைப் படிக்கும் பொறி அதே சங்கிலியைத் தன்னுள் மீண்டும் கட்டிக்கொள்ளும். இம்மொழியை விளக்கும் மெக்கார்த்தியின் கட்டுரை 1960இல் வெளிவந்தது. தரவுக்கு அடைப்புக்குறி வடிவம், நிரலுக்கு வேறொரு வடிவம் என்பதே அவர் கருத்து. ஆனால் அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸல், அடைப்புக்குறி வடிவில் உள்ள நிரலையே பொறி படித்து இயக்கும்படி செய்து காட்டினார். அன்றுமுதல் லிஸ்ப் மொழியில் செய்தியும் கட்டளையும் ஒரே உடையில் உலவலாயின. அழகிய ஏற்பாடுதான், ஆயினும் இதன் மறுபக்கம் பின்னாளில் பிற மொழிகளில் தலைகாட்டியது.

அதற்கு முன்னரே வேறொரு குறை தென்பட்டது. அண்ணன் தம்பி இருவருடைய குறிப்புகளிலும் 'தாய்' என்ற இடத்தில் ஒரே அறையின் முகவரி இருப்பதாகக் கொள்வோம். சரமாக எழுதும்போது தாயின் விவரம் இருமுறை எழுதப்படுகிறது. திரும்பப் படிக்கும்போது தாயார் இருவராகிவிடுகின்றனர். தாயின் குறிப்பில் மகனுடைய முகவரியும் இருந்துவிட்டால், எழுதும் பொறி ஓயாமல் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கும். 1984இல் நூலாக வெளிவந்த காமன் லிஸ்ப், ஒரு பொருளுக்கு எண் இட்டு, அது மீண்டும் வருமிடத்தில் அந்த எண்ணை மட்டும் குறிக்கும் முறையை வகுத்தது.

1997இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பு, பொருளை எழுதும் வேலையையும் படிக்கும் வேலையையும் மொழியின் பகுதியாகவே அமைத்துக்கொண்டது. சரத்திலேயே பொருளின் இனப்பெயர் இருக்கும். படிக்கும் பொறி அவ்வினத்தைத் தேடி எடுத்துப் பொருளை உருவாக்கும். அப்படியானால் எதை உருவாக்குவது என்று தீர்மானிப்பவர் யார்? சரத்தை அனுப்பியவர்! முன்பின் அறியாதவர் கொடுத்த சீட்டைப் படித்து, அதில் கண்டபடி நம் களஞ்சியத்துச் சாமான்களை எடுத்துப் பூட்டுவது போன்ற செயல் இது. 2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியேல் லாரன்ஸ் இருவரும், பரவலாகப் பயன்பட்டுவந்த நிரல் தொகுப்புகளின் உறுப்புகளைக் கொண்டே, இத்தகைய ஒரு சரத்தால் பிறருடைய பொறியில் கட்டளைகளை இயக்க இயலும் என்று காட்டினர். இந்த வசதியைச் சேர்த்ததே பிழை என்று ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் 2018இல் வெளிப்படையாகக் கூறினார். இருபத்தோர் ஆண்டுகள் கழித்து!

2001இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பத் தொடங்கிய ஜேசான் வடிவம் எளிமையால் வெற்றி கண்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் எழுத்துமுறையையே அது கைக்கொண்டது. அதனால் தொடக்கத்தில் பலர் அச்சரத்தைத் தரவாகப் படிக்காமல், நிரலாகவே இயக்கிப் பொருளைப் பெற்றனர். படிப்பதற்கு மட்டுமே உரிய கருவி மொழித்தரத்தில் இடம்பெற்றது 2009இல்தான். அதன் பின்னும் எண்களின் தொல்லை நீங்கவில்லை. 9007199254740993 என்று எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடுகிறது. இக்காரணத்தால் 2010இல் ட்விட்டர் நிறுவனம், ஒவ்வொரு செய்தியின் எண்ணையும் எண்ணாக ஒருமுறையும் எழுத்தாக ஒருமுறையும் சேர்த்தனுப்பலாயிற்று.

படிப்பவர் ஊகித்துக்கொள்வதால் வரும் இடரும் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இது புதிதன்று. தந்தை பெயரின் முதலெழுத்தை விரித்தெழுதச் சொல்லும் படிவம், அதனைக் குடும்பப் பெயராகக் கொள்கிறது. பின்னர் வரும் கடிதமோ தந்தையார் பெயரை விளித்துத் தொடங்குகிறது. எக்ஸெல் மென்பொருள் மரபணுவியலாருக்குச் செய்ததும் இத்தகையதே. 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2ஆம் நாள் என்று படித்தது. எக்ஸெல் கோப்பில் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இவ்வகைப் பிழை இருந்ததை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. 2020இல் மரபணுப் பெயரிடும் குழு, அப்பெயரையே 'செப்டின்2' என மாற்றிக்கொண்டதை முறைப்படி அறிவித்தது. தானே மாற்றிப் படிக்கும் இப்பழக்கத்தைப் பயனாளர் நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் வழங்கியது.