விரிவுரை மண்டபத்துக்கு அப்பால்: றோட்ஸ் புலமைப்பரிசிலும் அதன் வழித்தோன்றல்களும்

புலமைப்பரிசில் என்றதும் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. பல்கலைக்கழக வாயிலைக் கடந்த மாணவன் மேற்கொள்ளும் பயணம், பெறும் நட்பு, காணும் பிறநாட்டு வாழ்க்கை ஆகியவற்றுக்கான செலவை யார் பொறுப்பது என்பது வேறொரு வினாவாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்களின் புதல்வர் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவந்து தம் கல்வியை நிறைவு செய்தனர். அதற்குக் குடும்பச் செல்வம் இடமளித்தது. திறமை ஒன்றையே முதலாகக் கொண்ட மாணவனுக்கும் இவ்வாய்ப்பைப் பொதுநிதி ஒன்றினால் வழங்கலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டிலேயே பரவலாயிற்று. அதன் வளர்ச்சியில் றோட்ஸ் புலமைப்பரிசிலுக்கு முக்கிய இடமுண்டு.

சிசில் றோட்ஸ் 1873 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டின் ஓரியல் கல்லூரியிற் சேர்ந்தார். கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்கும் கல்லூரிக்குமிடையே மாறிமாறிச் சென்றமையால் 1881 ஆம் ஆண்டிலேயே அவராற் பட்டம் பெற முடிந்தது. 1890 முதல் 1896 வரை கேப் குடியேற்றநாட்டின் பிரதமராகவும் அவர் விளங்கினார். 1902 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் காலமானபோது, அவரது மரணசாசனம் ஒக்ஸ்போர்ட்டில் மூன்றாண்டுகள் பயிலும் புலமைப்பரிசில்களுக்கு வழிசெய்தது. குடியேற்றநாடுகளையும் ஐக்கிய அமெரிக்காவையும் சேர்ந்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 300 பவுணும், ஜேர்மானியர்க்கு 250 பவுணும் விதிக்கப்பட்டன. கல்வித் தேர்ச்சியுடன் விளையாட்டு, ஒழுக்கம், தலைமைத்துவம் என்பனவும் தகைமைகளாயின. ஆங்கிலம் பேசும் இனத்தவரின் ஒற்றுமையும் பேரரசின் வலிமையுமே அவரது நோக்கம் என்பதில் ஐயமில்லை.

இத்தொகை வழங்கப்பட்ட முறை கவனித்தற்குரியது. ஒக்ஸ்போர்ட்டில் ஆண்டுக்கு மூன்று தவணைகள். தவணை ஒவ்வொன்றும் எட்டு வாரங்கள். ஆகவே ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட காலம் விடுமுறையாகும். புலமைப்பரிசிற் பணமோ ஆண்டு முழுவதற்கும் உரியது. கல்லூரிக் கணக்கைத் தீர்த்தபின் எஞ்சியதைக் கொண்டு சிக்கனமாக வாழ்ந்த மாணவர் ஐரோப்பாவைக் காணவும் மொழிகளைக் கற்கவும் சென்றனர். பாடத்திட்டத்தில் இடம்பெறாத இக்காலமே பலரது சிந்தனைக்கு உரமாயிற்று.

ஆயினும் இவ்வாய்ப்பின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நிதியின் ஊற்றாகிய கிம்பர்லியில் ஆபிரிக்கத் தொழிலாளர் மதில் சூழ்ந்த முகாம்களில் அடைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். இனமோ சமயமோ தகுதியைத் தீர்மானிக்கலாகாது என மரணசாசனம் கூறியபோதிலும் நடைமுறை அவ்வாறு அமையவில்லை. ஹார்வார்ட் மாணவரான அலெய்ன் லொக் 1907 ஆம் ஆண்டில் தெரிவு செய்யப்பட்ட முதல் ஆபிரிக்க அமெரிக்கர் ஆவார். கல்லூரிகள் பல அவரை ஏற்க மறுத்தன. இறுதியில் ஹேர்ட்போர்ட் கல்லூரி ஏற்றது. அமெரிக்க மாணவரின் நன்றியறிதல் நாள் விருந்துக்கும் அவர் அழைக்கப்படவில்லை. அவருக்குப்பின் வேறோர் ஆபிரிக்க அமெரிக்கர் ஒக்ஸ்போர்ட் செல்ல 1963 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பெண்கள் 1977 ஆம் ஆண்டிலேயே இப்புலமைப்பரிசிலைப் பெற்றனர்.

விருந்திலிருந்து விலக்கப்பட்ட லொக், ஒக்ஸ்போர்ட்டிலிருந்த பிறநாட்டு மாணவரின் சங்கத்திற் கலந்து பழகினார். தென்னாபிரிக்கரான பிக்ஸ்லி சேமே அங்கு அவருக்கு நண்பரானார். 1912 ஆம் ஆண்டில் ஆபிரிக்க தேசிய காங்கிரசாகப் பின்னர் வளர்ந்த இயக்கத்தைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் சேமே. லொக் பேர்லினிலும் பயின்று நாடு திரும்பி, 1925 ஆம் ஆண்டில் ஆபிரிக்க அமெரிக்க மறுமலர்ச்சியின் அடிப்படை நூலெனப்படும் தொகுப்பை வெளியிட்டார். பேரரசை வலுப்படுத்த ஒதுக்கப்பட்ட பணம், பேரரசை வினவுவோரையும் ஒரே மேசையில் இருத்தியது எனலாம்.

இவ்வனுபவத்தைத் தன் நாட்டுக் கல்லூரிக்குள் கொண்டுவர முயன்றவர் பிராங்க் எய்டலொற். இந்தியானாவிலிருந்து 1905 ஆம் ஆண்டில் றோட்ஸ் மாணவராகச் சென்ற இவர், 1921 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரித் தலைவரானார். அடுத்த ஆண்டில் அங்குச் சிறப்புக் கற்கைநெறி தொடங்கிற்று. தெரிவு செய்யப்பட்ட மாணவர் இறுதி ஈராண்டுகளில் வழக்கமான வகுப்புகளினின்று விடுவிக்கப்பட்டனர். சிறு குழுக்களாகக் கருத்தரங்குகளிற் கூடினர். முடிவில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர்களால் எழுத்திலும் வாய்மொழியிலும் சோதிக்கப்பட்டனர். ஒரு சிலர்க்கு ஓர் ஆசிரியர் என்னும் இம்முறை செலவுமிக்கது. பெருநிதியங்களின் துணையின்றி அது நிலைபெற்றிருக்க முடியாது. 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய கக்கன்ஹைம் ஆய்வுநிதியை வடிவமைப்பதிலும் எய்டலொற் பங்கு கொண்டார்.

மூன்றாவது கிளை அரசின் வழி வந்தது. ஆர்கன்சோவைச் சேர்ந்த வில்லியம் புல்பிறைற் 1925 ஆம் ஆண்டில் றோட்ஸ் மாணவராக ஒக்ஸ்போர்ட் சென்று, பின் ஐரோப்பாவிற் பயணம் செய்தவர். செனற்றரானபின் 1946 ஆம் ஆண்டில் அவர் நிறைவேற்றுவித்த சட்டம் எளிய உபாயமொன்றை அடிப்படையாகக் கொண்டது. போரில் எஞ்சிய அமெரிக்கத் தளபாடங்களை வாங்கிய நாடுகள் டொலரில் விலை செலுத்த இயலாதிருந்தன. அவை தத்தம் நாணயத்திற் செலுத்திய பணமே மாணவர் பரிமாற்றத்துக்குப் பயன்பட்டது. இலங்கையும் 1952 ஆம் ஆண்டில் இத்திட்டத்திற் சேர்ந்தது. எனினும், நாடுகளிடையே நல்லெண்ணம் வளர்க்க விழைந்த அதே புல்பிறைற், 1956 ஆம் ஆண்டில் பாடசாலைகளில் இனப்பிரிவினை நீங்குவதை எதிர்த்த தென்மாநில அறிக்கையிற் கையொப்பமிட்டார். தூரதேசப் பயணம் ஒருவனது ஊரின் தப்பெண்ணங்களைத் தானாகவே களைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

2015 ஆம் ஆண்டில் கேப் ரவுண் பல்கலைக்கழக மாணவரின் கிளர்ச்சியினால் றோட்சின் சிலை அகற்றப்பட்டது. சிலை நீங்கினும், நிதியைப் பற்றிய கேள்வி நீங்கவில்லை. திறமையுள்ள மாணவனுக்கு வகுப்பறைக்கு வெளியிலான காலமும் வேண்டும் என்பதை இந்நூற்றாண்டு வரலாறு உறுதிப்படுத்துகின்றது. அக்காலத்துக்கான செலவைச் சமூகம் ஏற்காவிடின் அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் தனியுரிமையாகவே எஞ்சும். ஏற்கும்போதோ, தெரிவுக் குழுவின் மேசையில் யாருடைய விண்ணப்பம் முதலிலேயே ஒதுக்கப்படுகின்றது என்பதையும் கேட்டாக வேண்டும். லொக்குக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக வராதிருந்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்களைத் தேடியவர் இல்லை.