மூன்றாம் விளாடின் உண்மையான கோட்டை

ருமேனியாவில் வழிகாட்டியுடன் செல்லும் பயணிகள் பெரும்பாலும் பிரான் கோட்டையையே டிராகுலாவின் இருப்பிடமாகக் காண்கின்றனர். ஆயினும் வாலாக்கியா எனும் தென்பகுதிச் சிற்றரசை 1456 முதல் 1462 வரை ஆண்ட, டிராகுலா எனப்பட்ட மூன்றாம் விளாட் அங்கு வாழ்ந்ததற்குச் சான்றில்லை. அவர் புதுப்பித்து வலுப்படுத்திய பொயனாரி கோட்டை, ஆர்ஜெஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல், 1480 படிகள் ஏறினால் எட்டும் செங்குத்துப் பாறையில் சிதைந்து நிற்கிறது. அவர் பகைவரைக் கழுவிலேற்றிய கொடுமை மெய்யே. எனினும் அதை மிகைப்படுத்திப் பரப்பியவை, வணிக உரிமைகளுக்காக அவருடன் மோதிய திரான்சில்வேனியச் சாக்சன்களிடமிருந்து, அதாவது அங்குக் குடியேறிய ஜெர்மானிய நகரத்தாரிடமிருந்து, கிளம்பி அச்சேறிய சிறுநூல்களே. இரத்தம் குடிக்கும் பேயுருவை அவர் பெயரோடு பிணைத்தது 1897இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் புதினம். 1462இல் இரவுத் தாக்குதலால் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் பாசறையைக் கலங்கடித்த போர்த்தலைவரை அறிய விரும்புவோர், அவரது தலைநகரான தர்கோவிஷ்டேயின் அரண்மனை இடிபாடுகளுக்கே முதலில் செல்ல வேண்டும்.