மில்லை நிறுத்திய திருவிழா

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி மில் ஒன்றின் எல்லா மாடிகளையும் இயக்கியது பெரும்பாலும் ஒரே நீராவி எஞ்சின். கயிறுகளும் ஷாஃப்டுகளும் பெல்டுகளும் அதன் சுழற்சியை மாடி மாடியாகக் கொண்டுபோயின. ஒரு தறி பழுதானால் பெல்டை நழுவவிட்டு அதை மட்டும் நிறுத்தலாம். எஞ்சினிலோ பிரதான ஷாஃப்டிலோ கைவைக்க வேண்டுமானால் மில் முழுவதும் நின்றாக வேண்டும்.

பாய்லர் அதைவிடப் பெரிய தலைவலி. உள்ளே உப்புப் படிவும் புகைவழியில் கரியும் சேர்ந்துகொண்டே இருக்கும். படிவு தடித்தால் நிலக்கரி வீணாகும். தகடு அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். அதற்கு முன் சுற்றியுள்ள செங்கல் கட்டுமானம் ஆற வேண்டும். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு முடித்தது. பெண்கள் இல்லாமல் மில் ஓடாது என்பதால் கிடைத்த அந்த வாரக் கடைசி ஓய்வு எண்ணெய் விடுவதற்கும் சில்லறைப் பழுதுக்கும் போதும். பாய்லருக்குப் போதாது.

வழியைத் திறந்தவர்கள் தொழிலாளர்களே. 'வேக்ஸ்' எனப்பட்ட ஊர்த்திருவிழா, தேவாலயத்தின் ஆண்டு விழாவாகத் தொடங்கியது. முதலாளிகள் எவ்வளவு கண்டித்தும் அந்த நாட்களில் ஆட்கள் வேலைக்கு வரவில்லை. பாதி ஆளுக்காக எஞ்சினை முழுதாக ஓட்டுவது நட்டம். ஆகவே மில்லையே மூடி, பெரிய மராமத்தை அந்த நாட்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர் மில்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. ஆனால் ஊருக்கு ஊர் தேதி வேறு. பர்ன்லிக்கு ஜூலை, ஓல்டாமுக்கு ஆகஸ்ட் கடைசி. ஃபிட்டர்களும் பாய்லர் துப்புரவாளர்களும் மில்லுக்குள் இருக்க, மற்றவர்கள் 1846இல் ரயில் எட்டிய பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பினார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அநியாயமும் இருந்தது. விடுமுறைக்குக் கூலி கிடையாது. நெசவாளர் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேமித்தே அந்த நாட்களைச் சமாளித்தன. எஞ்சின் நிற்கும் காலத்தின் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளி தலையில் கட்டிய திட்டம் இது. விடுமுறைச் சம்பளத்துக்கான சட்டம் 1938இல்தான் வந்தது.

பின்னர் இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார் என்று ஆனபோது, பழுதுக்காக மில் முழுவதையும் நிறுத்தும் தேவை குறைந்தது. மில்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனாலும் சில ஊர்களில் பள்ளிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதே திருவிழா வாரத்தில் விடுமுறை விட்டன.