பகடையிலிருந்து பங்கீட்டிற்கு: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஆற்றல் மதிப்பெண்களும் வகுப்புச் சமநிலையும்

முன்னுரை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுள் முதன்முதலில் வணிகமுறையில் வெளிவந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. பாத்திர வகுப்புகளுக்கிடையே ஆற்றல்களைச் சமன்செய்ய அதன் பதிப்புகள் மேற்கொண்ட முயற்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

அருமையே விலை

முதற்பதிப்பில் வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே இருந்தன. வலிமை, அறிவாற்றல், மெய்யறிவு, உடலுறுதி, விரைதிறன், ஆளுமைக் கவர்ச்சி ஆகிய ஆறு ஆற்றல்களுக்கும் மும்மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை மதிப்பெண் பெறப்பட்டது. வகுப்பின் தலைமை ஆற்றல் 15க்குக் குறையாதிருப்பின் அனுபவப் புள்ளிகள் 10 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தன. போரில் ஆற்றல்களின் பங்கு சிறிதே; ஆதலின் ஏற்றத்தாழ்வும் பெரிதாகத் தோன்றவில்லை.

1975இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ இணைப்புநூல் இந்நிலையை மாற்றியது. வலிமை மிக்க வீரரின் தாக்குதல் திறன் உயர்ந்தது. பாலடின் என்னும் அறவீரராவதற்கு ஆளுமைக் கவர்ச்சி 17ஆவது வேண்டும் என விதிக்கப்பட்டது. மூன்று பகடைகள் தரும் 216 விளைவுகளுள் 17 அல்லது 18 அமைவன நான்கே. அதாவது 54இல் ஒன்று. வகுப்பின் சிறப்பிற்கு அதன் அருமையே விலை என்பது இவ்விதியின் உட்கிடை. ஆயின் இச்சமநிலை பல நூறு பாத்திரங்களின் தொகையில் மட்டுமே மெய்யாகும். ஒரே மேசையில் அமர்ந்த ஐவருள் ஒருவருக்கு அப்பேறு வாய்ப்பின், ஏனைய நால்வருக்கு அருமை ஆறுதலாகாது.

அவ்விலையும் நிலைக்கவில்லை. நான்கு பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை நீக்கி, ஆறு மதிப்பெண்களையும் விரும்பியவாறு அமைக்கும் முறையை 1979ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் முன்வைத்தது. இம்முறையில் ஏறத்தாழ பத்துப் பாத்திரங்களுள் மூன்றிற்கு 17 அல்லது 18 ஒன்றேனும் கிட்டும்.

பங்கீடும் பயன்பாடும்

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே ஊக்க அட்டவணையை வகுத்தது. பகடைக்கு மாற்றாகப் புள்ளிகளைச் செலவிட்டு ஆற்றல் பெறும் முறையையும் தந்தது. இருப்பினும் மந்திரவாதிக்கு அறிவாற்றல் ஒன்றே பெரும்பாலும் போதுமானதாயிற்று. பாலடினுக்கோ வாள்வீச்சிற்கு வலிமையும், மந்திரத்திற்கு மெய்யறிவும், தற்காப்பிற்கு ஆளுமைக் கவர்ச்சியும் தேவைப்பட்டன. சமமான புள்ளிகள் சமமற்ற தேவைகளுக்குப் பங்கிடப்பட்டன. இதனை உணர்ந்த 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு, வலிமை அல்லது ஆளுமைக் கவர்ச்சி எதனைக்கொண்டும் பாலடின் தாக்கலாம் என்றாக்கியது.

முடிவுரை

முற்காலப் பதிப்புகள் வாய்ப்பிலும் பிற்காலப் பதிப்புகள் பங்கீட்டிலும் சமநிலையைத் தேடின. மதிப்பெண்ணைச் சமப்படுத்துவது எளிது. அம்மதிப்பெண் ஒவ்வொரு வகுப்பிலும் ஈட்டும் பயனைச் சமப்படுத்துவதே அரிது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.